திருகோணமலையை முறையாகச் சுற்றிப் பார்த்தல்: கோட்டை, குடாக்கள், தீவு, வெந்நீர்க் கிணறுகள் – ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் நிலாவெளிக் கடற்கரையில் அறை எடுத்துத் தங்கி, ஒரு காலை புறாத்தீவுக்குப் படகேறி, திரும்பும் வழியில் கோணேசர் கோவிலைத் தரிசித்துவிட்டுப் புறப்பட்டு விடுகின்றனர். கடல் அழகாக இருப்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊரின் சிறப்பு அதன் நில அமைப்பில் இருக்கிறது. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஒரு நிலத்தின்மேல், ஒரே நகரத்தில், கிழக்குப் பார்த்த திறந்த கடலும் மேற்குப் பார்த்த அமைதியான துறைமுகமும் சில நிமிட நடைத் தூரத்தில் அமைந்திருப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அதனால், எந்த நீரை எந்த வேளையில் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, மற்ற இடங்களை அதற்கேற்ப அடுக்குவதே சரியான முறை என்பது என் கருத்து. இந்த வழிகாட்டியும் அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளது. மூன்று நாட்கள் ஒதுக்கினால் அவசரமின்றி முடிக்கலாம். இரண்டு நாட்கள் மட்டுமே இருப்பவர்கள் எதை விடலாம் என்பதையும் ஆங்காங்கே குறிப்பிட்டுள்ளேன்.

முதற்படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் காலியையும் நனைக்கும் மாதங்களில் திருகோணமலை வறண்டும் கடல் அடங்கியும் இருக்கும். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை படகுப் பயணத்துக்கும் கடலில் இறங்குவதற்கும் ஏற்ற காலம். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்தபின் நிலைமை தலைகீழாகிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் அலையும் மிகுந்திருப்பதால் புறாத்தீவுப் பயணம் பெரும்பாலும் கைகூடாது. வாடைக்காலத்தில் வர நேர்பவர்கள் தீவை மறந்துவிட்டு, கோட்டை, கோவில், வெந்நீர்க் கிணறுகள், பழைய பௌத்தப் பள்ளியான வெல்கம் விகாரை ஆகியவற்றோடு பயணத்தை அமைத்துக்கொள்ளலாம். அந்த மாதங்களில் நாடு பச்சையாகவும் குளங்கள் நிறைந்தும் இருக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் நண்பகல் வெயில் கடுமையானது. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் திறந்த வெளியில் எதையும் திட்டமிட வேண்டாம்.

கோவிலை முதன்மையாகக் கொண்டு வருபவர்களுக்கு மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்கள் சிறந்தவை. கோணேசர் நகர்வலம் வரும் அந்த வேளையில் வீதிகள்தோறும் கும்பங்களும் தோரணங்களும் நிறைந்திருக்கும். விடுதிகளும் நிறைந்திருக்கும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: வந்து சேர்தலும் ஊரின் அமைப்பை விளங்கிக்கொள்ளலும்

கொழும்பிலிருந்து வீதி வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக வர வேண்டும். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து இரவில் புறப்பட்டுக் காலையில் வந்து சேரும் புகையிரதம் ஒன்று உள்ளது. படுக்கை அல்லது முன்பதிவு இருக்கை கிடைத்தால் ஒரு பகற்பொழுது மிச்சமாகும். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு வவுனியா வழியாக பஸ் சேவை உண்டு. மட்டக்களப்பிலிருந்து வரும் கரையோர வீதி 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் மேலாக வருகிறது. 396 மீற்றர் நீளமுள்ள அந்தப் பாலம் வருவதற்கு முன், கிண்ணியா மக்கள் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போய் வந்தனர்.

வந்து இறங்கியதும் ஊரின் படத்தை ஒருமுறை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடலுக்குள் மூக்குப்போல நீண்டிருப்பது சுவாமி மலை. அதன்மேல் கோட்டையும் கோவிலும் உள்ளன. மலைக்கு வடக்கே வளைந்து கிடப்பது பின்குடா. தெற்கே சிறிய பிறைபோலக் கிடப்பது டச்சுக்குடா. நகரத்தின் முதுகுப்புறத்தில், மேற்கே, காடு மூடிய குன்றுகளுக்குள் ஒடுங்கிக் கிடப்பது உட்துறைமுகம். இவை அனைத்துக்கும் தெற்கே, மகாவலி கங்கை வந்து கலக்கும் பெருங்குடா கொட்டியாரக்குடா. சூரியன் கோவிலின் பக்கம் எழுந்து துறைமுகத்தின் பக்கம் மறைவதால், காலையைக் கோட்டைக்கும் மாலையை உட்துறைமுகத்துக்கும் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் இரண்டு காட்சிகளையும் இழப்பீர்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, முதல் இரவு நகருக்குள் தங்குவதே வசதி. நகரிலிருந்து சில கிலோமீற்றர் வடக்கே உள்ள உப்புவெளி நகருக்கும் தீவுக்கும் நடுவானது. இன்னும் வடக்கேயுள்ள நிலாவெளி தீவுக்கு நெருக்கமானது.

மூன்றாம் படி: முதற் காலை – பிரெட்ரிக் கோட்டையும் கோணேசர் கோவிலும்

காலை ஆறு மணிக்கெல்லாம் கோட்டை வாசலில் நிற்க முயலுங்கள். கோட்டைக்குள் இப்போதும் இராணுவ முகாம் இயங்குவதால் வாசலில் காவலர் இருப்பர். பொதுமக்கள் கோவிலுக்குச் செல்லத் தடையில்லை. வாசலிலிருந்து கோவில்வரை ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் மெதுவான ஏற்றம். ஓட்டோவில் ஏறிப் போகும் வழக்கமே கூடுதலாக இருந்தாலும், முதல் முறை வருபவர்கள் நடந்தே போக வேண்டும் என்பேன். பார்க்க வேண்டியவற்றில் பாதி அந்த வழியிலேயே உள்ளன.

முதலில் வாசலிலேயே நில்லுங்கள். நுழைவாயிலின் பக்கக் கல் ஒன்றில் இரட்டைக் கயல் பொறிக்கப்பட்டிருப்பதையும் அதனருகே சிதைந்த தமிழ் எழுத்துகள் சில வரிகள் இருப்பதையும் காணலாம். கோட்டை கட்டியவர்கள் கோவிலை இடித்து அதன் கற்களையே சுவருக்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. முன்னே குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கியர் (போர்த்துக்கேயர்) பிரிப்பர் என்று சொல்லும் அந்த வாசகம், திருகோணமலையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் வாய்ப்பாடமாகத் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்துகளின் பள்ளம் நிழலெடுத்துத் தெரியும். உச்சி வெயிலில் அது வெறும் கல்லாகவே தோன்றும்.

1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் சுவாமி மலையிலிருந்த கோவிலை அழித்துக் கோட்டை எழுப்பினர். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1782ஆம் ஆண்டில் மட்டும் ஜனவரியில் ஆங்கிலேயரும் ஓகஸ்டில் சுப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படையும் அதைக் கைப்பற்றினர். பின்னர் மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்று, 1795இல் ஆங்கிலேயர் வசம் நிலைத்தது. யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயர் 1803இல் இதற்கு இடப்பட்டது. இத்தனை பேர் இத்தனை முறை சண்டையிட்டதற்குக் காரணம் இந்தக் கோட்டையன்று, பின்னாலுள்ள துறைமுகம்தான். அதை மாலையில் பார்க்கும்போது விளங்கும்.

உள்ளே நுழைந்ததும் பெரிய ஆலமரங்களின் நிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். இவை மனிதருக்குப் பழகிப்போனவை. கோட்டைக்குள் மட்டுமன்றி நகர வீதிகளிலும் டச்சுக்குடா மணலிலும் இரவில் உலாவும். யாராவது பழத்தோல் நீட்டினால் பையோடு சேர்த்து இழுத்துத் தின்றுவிடும் என்பதால், பொலித்தீன் பைகளை அவற்றின் எட்டுக்கு அப்பால் வைத்திருங்கள். மான்களோடு படம் எடுக்க விரும்புவோர் கொம்புள்ள கலைமான்களிடமிருந்து சற்று விலகி நிற்பது நல்லது.

வழியில் உள்ள பழைய கட்டடங்களுள் ஒன்று வெலிங்டன் பிரபுவாகப் பின்னாளில் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லியின் பெயரால் அழைக்கப்படுகிறது. 1800ஆம் ஆண்டளவில் அவர் திருகோணமலையில் தங்கியிருந்தார். முகாம் பகுதியைச் சேர்ந்ததால் வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கோகர்ண விகாரையும் பெரிய புத்தர் சிலையும் கோட்டைக்குள்ளேயே உள்ளன. அதன்பின் இருபுறமும் கடைகள் தொடங்கும். இங்கேதான் காலணிகளைக் கழற்ற வேண்டும்.

கோணேசர் கோவிலின் கட்டடம் அண்மைக் காலத்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இராது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணமாமலைக் கோவில் இன்று கடலடியில் சிதறிய தூண்களாகவும் கோட்டைச் சுவரின் கற்களாகவும் உள்ளது. 1950இல் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள் முதலிய பழைய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. அந்த எழுச்சியில் ஊர்மக்கள் மீண்டும் எழுப்பிய கோவிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. 1950களின் நடுப்பகுதியில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் மலையடியில் மூழ்கிப் பழைய கோவிலின் கற்களைக் கடலடியில் கண்டறிந்தனர். சம்பந்தர் தம் பதிகத்தில் கடல் முத்தையும் சந்தனத்தையும் அகிலையும் கரையில் கொண்டுவந்து ஒதுக்குவதாகப் பாடுகிறார். கோவிலின் கிழக்கு விளிம்பில் நின்று, கீழே பாறையில் மோதும் அலையைக் கேட்டபின் அந்தப் பதிகத்தை வாசித்துப் பாருங்கள். கடலின் ஓசை ஏன் அதில் இத்தனை முறை வருகிறது என்பது தெரியும்.

தரிசனம் முடிந்ததும் இராவணன் வெட்டுப் பக்கம் செல்லுங்கள். பாறை செங்குத்தாகப் பிளந்து கடல்வரை இறங்கும் இடம் இது. இராவணன் மலையைப் பெயர்க்க முயன்று வாளால் வெட்டினான் என்பது ஐதிகம். விளிம்பில் நிற்கும் மரங்களில் பிள்ளைவரம் வேண்டிக் கட்டிய சிறு மரத்தொட்டில்கள் தொங்குவதைக் காணலாம். அருகே ஒல்லாந்தர் காலத் தூண் ஒன்று உண்டு. கப்பலேறிப் போன காதலனுக்காக இங்கிருந்து குதித்த பிரான்சினா என்ற பெண்ணின் நினைவாக அது நாட்டப்பட்டது என்பர். அவள் குதிக்கவில்லை, பின்னாளில் வேறொருவரை மணந்து வாழ்ந்தாள் என்று சொல்வோரும் உளர். எதுவானாலும், ‘காதலர் பாய்ச்சல்’ என்று ஆங்கிலேயர் இட்ட பெயரைவிட இராவணன் வெட்டு என்னும் பெயரே அந்தப் பிளவுக்குப் பொருந்துகிறது.

கடலை உற்று நோக்குங்கள். திருகோணமலைக்கு வெளியே கடலடியில் மிக ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு நெருக்கமாக வருவதால் நீலத்திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் நடமாடுகின்றன. கரையில் நின்றபடியே அவற்றின் நீர்ப்பீச்சலைக் காணக்கூடிய அரிய இடங்களுள் சுவாமி மலையும் ஒன்று. தொலைநோக்கியும் பொறுமையும் இருந்தால் வாய்ப்புண்டு. உறுதியாகப் பார்க்க வேண்டுமானால் உப்புவெளி, நிலாவெளிப் பகுதிகளிலிருந்து அதிகாலையில் புறப்படும் படகுகளில் செல்ல வேண்டும்.

நான்காம் படி: முதல் நாளின் பிற்பகலும் மாலையும் – நகரமும் உட்துறைமுகமும்

வெயில் தாழ்ந்தபின் டச்சுக்குடாவிலிருந்து தொடங்கலாம். அங்குள்ள பழைய ஒல்லாந்தர் கட்டடத்தில் கடல்சார் அருங்காட்சியகம் இயங்குகிறது. தடித்த சுவர்களும் நீண்ட விறாந்தையும் உள்ள அந்தக் கட்டடமே உள்ளிருக்கும் பொருட்களைவிடச் சுவையானது. அங்கிருந்து பத்திரகாளி அம்பாள் கோவிலுக்கு நடந்தே போகலாம். மக்கெய்சர் விளையாட்டரங்கின் பக்கமாக அமைந்த இந்தக் கோவிலின் மண்டபத்து வண்ண வேலைப்பாடுகள் கண்ணைப் பறிப்பவை. மாலைப் பூசை நேரத்தில் போவது சிறப்பு.

பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டத்தை வழிகாட்டிகள் பெரும்பாலும் விட்டுவிடுவர். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ் ஆஸ்டின் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். கடற்படைத் தளபதியான அவர் 1852இல் பர்மாப் போரின்போது நோயுற்று இறந்தார். இலக்கிய ஆர்வலர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கிறேன்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உட்துறைமுக வீதிக்கு வந்துவிடுங்கள். காலையில் பார்த்த கடலின் ஆர்ப்பரிப்பு இங்கே அறவே இல்லை. குன்றுகள் சூழ, ஏரிபோல அசையாமல் நீர் கிடக்கும்; ஆழமோ பெருங்கப்பல்கள் கரையை நெருங்கி நிற்கும் அளவுக்கு உண்டு. எந்தப் பருவக்காற்றிலும் கப்பல்கள் பாதுகாப்பாக ஒதுங்கக்கூடிய இந்த நீர்தான் ஐரோப்பியரை மாறி மாறி இங்கே இழுத்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இதன்மேல் குண்டு பொழிந்தன. அக்கரையில் சீனக்குடாக் காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய மாபெரும் எண்ணெய்த் தாங்கிகள் நூற்றை நெருங்கும் எண்ணிக்கையில் இன்றும் நிற்கின்றன. நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1957இல்தான் இந்தக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்ரென்பேர்க் கோட்டையும் ஹூட் கோபுர அருங்காட்சியகமும் கடற்படை முகாமுக்குள் இருப்பதால் அனுமதி பெற்றே செல்ல முடியும். அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டோடு முகாம் வாசலில் முன்கூட்டியே விசாரியுங்கள். அனுமதி கிடைத்தால் தவறவிட வேண்டாம். துறைமுகத்தின் முழு வடிவமும் தெரிவது அந்த உச்சியிலிருந்துதான். முகாம்களைப் படம் எடுப்பதைத் தவிருங்கள்.

ஐந்தாம் படி: இரண்டாம் நாள் – புறாத்தீவுத் தேசியப் பூங்கா

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இரண்டு சிறு தீவுகள் உள்ளன. பெரிய புறாத்தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள். சின்னது வெறும் பாறைத் திட்டு. மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் இந்தப் பெயர் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்குக்கூட இந்தத் தீவு பயன்பட்டது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. கடலும் சேர்ந்த பூங்காவின் பரப்பு 471 ஹெக்டயர். தீவோ சில நிமிடங்களில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடக்கூடியது.

நடைமுறை இதுதான். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டை நிலாவெளிக் கரையில் உள்ள அலுவலகத்தில் வாங்க வேண்டும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு உண்டு. இலங்கையர் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். படகுக் கூலி தனி. ஒரு படகைப் பலர் சேர்ந்து எடுத்தால் செலவு குறையும் என்பதால், தனியாக வருபவர்கள் கரையில் சற்றுப் பொறுத்து வேறு குழுவோடு சேர்ந்துகொள்ளலாம். திரும்பி ஏற்றிச் செல்லும் நேரத்தையும், முகக்கண்ணாடி, சுவாசக்குழாய், மிதவை அங்கி ஆகியவற்றின் வாடகையையும் படகில் ஏறுமுன்னரே பேசி முடித்துவிடுங்கள்.

காலை எட்டு மணிக்கு முன் போய்ச் சேர்வது மிக முக்கியம். பத்து மணிக்குமேல், அதுவும் வார இறுதியிலும் பாடசாலை விடுமுறையிலும், அந்தச் சிறிய கரையில் நிற்க இடமிராது, நீரும் கலங்கிவிடும். காலையில் நீர் தெளிந்திருக்கும்போது, இடுப்பளவு ஆழத்தில் முகத்தை நீருக்குள் வைத்தாலே கிளி மீன்களும் வரி வரியான சிறு மீன்களும் கண்ணெதிரே மேயும். இறங்கும் கரைக்கு மறுபுறத்தில் கருஞ்செட்டைச் சுறாக்கள் வரும். ஓராள் நீளம்கூட இல்லாத, கூச்ச சுபாவமுள்ள இவை மனிதரைக் கண்டால் விலகிச் செல்பவை. துரத்தாமல் அசையாமல் மிதந்தால் அருகில் வந்து கடந்து போகும்.

பவளத்தின்மேல் காலூன்றக் கூடாது. பவளம் கல்லன்று, உயிர். ஒரு மிதியில் ஒடியும் கிளை வளர்ந்து வர ஆண்டுகள் பல ஆகும். நீந்தத் தெரியாதவர்களே பயத்தில் அதைப் பிடித்துக்கொள்வதால், அவர்கள் மிதவை அங்கியோடு, தெரிந்த ஒருவரின் துணையுடன் மட்டும் இறங்க வேண்டும். கரையெங்கும் வெண்பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கும். வெறுங்காலில் குத்தும், எடுத்துவரச் சட்டம் இடம் தராது. குடிநீரைக் கொண்டுபோய், வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

நண்பகலுக்குள் கரை திரும்பிவிட்டால், வெயில் தணியும்வரை ஓய்வெடுத்து, மாலையில் உப்புவெளிக் கடற்கரையில் நடக்கலாம். நகருக்குத் திரும்பும் நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம் உள்ளது. வரிசை தவறாத கற்களும் வெட்டிச் சீராக்கிய புல்லும் மரநிழலும் கொண்ட அந்த இடத்தில் பதினைந்து நிமிடங்கள் போதும்.

ஆறாம் படி: மூன்றாம் நாள் – உள்நாட்டுப் பக்கம்

அநுராதபுரம் வீதியில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சென்று கிளைவீதியில் திரும்பினால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். சுற்றுச்சுவருக்குள் ஏழு சதுரக் கிணறுகள் அருகருகே உள்ளன. அடித்தரை தெரியுமளவு ஆழம் குறைந்தவை. ஒரு வாளியைக் கையால் தாழ்த்தியே மொள்ளலாம். ஒவ்வொன்றின் சூடும் சற்று மாறுபடும் என்பதால், இளஞ்சூடான கிணற்றில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சூடு கூடியதற்குப் போவது நம்மவர் வழக்கம். சவர்க்காரம் போடக் கூடாது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தை வாளால் குத்தி நீர் வரவழைத்தான் என்ற ஐதிகத்தால், பெற்றோரின் அந்தியேட்டிக் கிரியைக்கு இங்கே வருவோர் இன்றும் உண்டு. இடத்தின் உரிமை குறித்துத் தமிழ்ச் சைவர்களுக்கும் பௌத்த தரப்பினருக்கும் இடையே பிணக்கு நிலவுவதால், அறிவித்தல்களிலும் சீட்டுகளிலும் சொல்லப்படும் வரலாறு ஒருபக்கமாகத் தோன்றினால் வியக்க வேண்டாம். காலை ஏழு மணிக்குப் போனால் கூட்டம் இராது.

அடுத்து, பெரியகுளத்துக்கு அருகே காட்டுக்குள் இருக்கும் வெல்கம் விகாரைக்குச் செல்லுங்கள். சோழர் காலத்தில் இது இராசராசப் பெரும்பள்ளி என்று அழைக்கப்பட்டது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் இங்குள்ளன. தமிழ் பேசும் பௌத்தர்கள் இந்தப் பள்ளிக்கு விளக்குக்கும் எண்ணெய்க்கும் கொடுத்த கொடைகளை அவை பதிவு செய்கின்றன. தமிழ் என்றால் சைவம், சிங்களம் என்றால் பௌத்தம் என்று இன்று பிரிக்கும் எல்லைக்கோட்டை இந்தக் கற்கள் ஏற்பதில்லை. இரண்டு நாள் மட்டும் தங்குபவர்கள் கன்னியாவை விட்டாலும் இதை விடக் கூடாது என்று நான் சொல்வேன்.

சிறுவர்களோடு வந்தவர்கள் மூன்றாம் நாளின் பிற்பகலைச் சீனக்குடாப் பக்கமுள்ள மாபிள் கடற்கரைக்கு ஒதுக்கலாம். விமானப்படை பராமரிக்கும் இக்கரைக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. குடாவுக்குள் அடங்கிய நீர் என்பதால் அலை மிகக் குறைவு. வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் அதற்குப் பதிலாக இரண்டு இடங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதலாவது, வயல்கள் நடுவே உள்ள தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோவில். போர்த்துக்கேயரிடமிருந்து காப்பாற்றிய திருவுருவங்களை வைத்து வழிபட எழுந்தது இது. இரண்டாவது, கொட்டியாரக்குடாவின் தென்கரையில் உள்ள மூதூர். புயலில் பாய்மரம் இழந்து ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலின் மாலுமி றொபட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட இடத்தில் நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. அவர் தப்பிச் செல்லப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

மூதூர்ப் பக்கம் போகிறவர்கள் திரும்பும்போது கிண்ணியாவில் நிறுத்தி, சட்டியில் உறைந்த எருமைத் தயிர் வாங்கலாம். வாயை ஓலையாலோ கடதாசியாலோ கட்டித் தருவார்கள்; இரவுப் புகையிரதத்தில் போவதானால், சட்டியைக் காலடியில் வைக்காமல் மடியில் அல்லது துணிப்பையில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். புகையிரத முன்பதிவைத் திருகோணமலைக்கு வந்த அன்றே செய்துவிடுவது நல்லது. வார இறுதியில் கொழும்பு திரும்பும் இருக்கைகள் விரைவில் முடிந்துவிடும்.